தற்காலிக அடைப்பு

1

இந்தக் கதை என்னிடம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊசியோடு வந்தது.

சர்க்கரை பார்ப்பதற்காக வெறும் வயிற்றோடு இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போயிருந்தேன். அங்கே இரத்தம் எடுக்கும் பெண் என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டித் தேடிக்கொண்டே, "நீங்க பத்திரிகையில கதை எழுதுறவங்கதானே?" என்றார். ஊசியோடு நிற்பவரிடம் பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆமாம் என்றேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆனா எழுதக் கூடாது" என்றார்.

எழுதுகிற ஆளைப் பிடித்து, எழுதக் கூடாத ஒன்றைச் சொல்கிறவருக்கு அதைச் சொல்ல வேறு நாதியில்லை என்று பொருள். அவர் சொன்னார். நான் எழுதவில்லை. [கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்கிறேன்: கையில் கிடைத்த நல்ல கதையை நான் எழுதாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.] பல மாதம் கழித்து அவரே என் வீட்டைத் தேடி வந்து, "எழுதுங்க" என்றார். ஏன் என்பது ஏழாம் பகுதியில் வரும்.

எழுதி அனுப்பினேன். பதிப்பாசிரியர் போன் செய்தார்.

"நல்லா வந்திருக்குங்க. ஆனா ஒண்ணுமே நடக்கலையே?"

"நடக்கலைங்கறதுதாங்க கதை."

"அது புரியுது. ஆனா இது வன்முறைச் சிறப்பிதழ். ஆள் சாகணும்னு நான் சொல்லல. ஒருத்தருக்காவது ஒரு சின்னக் காயம்..."

போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்கள் ஒவ்வொன்றாக வாய்க்கு வந்தன. நீங்கள் படிப்பது அந்தப் பதில்களைத்தான். ஆகவே இது இரண்டாவது பிரதி, முழுக்கக் கோபத்தில் எழுதியது. அங்கங்கே முரட்டுத்தனமாக இருக்கும். பொறுத்துக்கொண்டால் நல்லது, பொறுக்காவிட்டாலும் நான் ஒன்றும் திருத்தப்போவதில்லை.

2

தொடக்கங்கள். நான்கு எழுதினேன். மூன்றைக் கைவிட்டேன். கைவிட்டதையும் காட்டுகிறேன், ஏனென்றால் நீங்கள் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது அவற்றைத்தான்.

முதலாவது: 'வெள்ளிக்கிழமை பிற்பகல், ஷிப்ட் மாறும் சங்கு ஊதியபோது, கிடங்கின் வாசலில் அவன் தன் பையைத் திறந்து—'

வேண்டாம். இந்த வாக்கியத்தை இதற்கு மேல் நான் எழுதவே வேண்டியதில்லை, அது தானாக ஓடும். நாம் அத்தனை தடவை படித்திருக்கிறோம், பார்த்திருக்கிறோம். பையில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். எதை வைத்து, எப்படி என்பதை இந்தக் கதையில் எங்கும் நான் சொல்லப்போவதில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் படிப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது: 'அவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது அவன் அப்பா—'

அப்பா தங்கமான மனிதர். அம்மாவும். வீட்டில் யாரும் யாரையும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, இருட்டறையில் பூட்டவில்லை. ஏமாற்றமாக இருக்கிறதா? சிறுவயதில் ஒரு காயத்தைக் காட்டிவிட்டால் போதும், "ஓ, அதனால்தான்" என்று நாம் நிம்மதியாகக் காபி குடிக்கப் போய்விடுவோம். அந்த நிம்மதியை நான் தரமாட்டேன்.

மூன்றாவது: 'அவன் அமைதியானவன். யாரோடும் அதிகம் பேசமாட்டான்—'

சுத்தப் பொய். வாய் ஓயாதவர். கிடங்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேற்பார்வையாளர் மாதிரி நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பவர். ஒவ்வொரு பயங்கரத்துக்குப் பிறகும் பக்கத்து வீட்டுக்காரர் தொலைக்காட்சியில் வந்து "ரொம்ப அமைதியான பையன்ங்க" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. உலகத்தில் உள்ள அமைதியான ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு மானநஷ்ட வழக்குப் போட வேண்டும்.

[இன்னொன்று. மேலே மூன்று வரியிலும் 'அவன்' என்று எழுதியிருக்கிறேன். நம் செய்திகளில் ஆள் பிடிபட்ட நிமிடத்தில் மரியாதை போய்விடும். இந்த ஆள் எதையும் செய்யவில்லை. இனி 'அவர்' என்றே எழுதுகிறேன். அவருடைய அக்கா சொல்வது போல, தம்பி.]

நான்காவது: தம்பிக்குப் பல் வலி.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அக்காதான் எனக்கு இரத்தம் எடுத்தவர். தம்பி ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டியை ஓட்டினார்.

அந்த வண்டிக்குப் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. தம்பி மேற்பார்வையாளரிடம் சொன்னார். திரும்பவும் சொன்னார். "எல்லாருக்கும் பிடிக்குது, உனக்கு மட்டும் பிடிக்கலையா?" என்று பதில் வந்தது. ஒரு நாள் வண்டி நிற்காமல் போய் அடுக்கில் மோதி, மேலிருந்து பெட்டி விழுந்து, கூட வேலை செய்தவரின் பாதம் நசுங்கியது. மேற்பார்வையாளர் ஓடிவந்து அடிபட்டவரைப் பார்க்கவில்லை. நேரே தம்பியிடம் வந்து, எல்லோர் முன்னாலும், "குடிச்சிட்டு வந்தியா?" என்றார். குழாயைக் கொண்டுவந்து ஊதச் சொன்னார்கள். ஊதினார். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை ஊதச் சொன்னார்கள். ஊதினார். அப்போதும் இல்லை. ஆனாலும் அன்று மாலையே வேலை போய்விட்டது.

கணக்குத் தீர்க்கப் போன இடத்தில் தம்பி மேசையை ஓங்கி அறைந்து இரண்டு வார்த்தை கத்தினார். மறுநாள் கிடங்கு வாசலில் உள்ள காவலாளிக் கூண்டின் கண்ணாடியில் அவர் புகைப்படம் ஒட்டப்பட்டது. 'இந்த நபரை அனுமதிக்க வேண்டாம்.' கூட வேலை செய்த யாரோ அதைப் படம் பிடித்துச் சிரிப்புக் குறி போட்டு எல்லோருக்கும் அனுப்ப, அது சுற்றிச் சுற்றித் தம்பிக்கே வந்தது.

அதன் பிறகு பல் வலி. கீழே வலது பக்கம், கடைசிக்கு முந்தையது. தூக்கம் போனது. சாப்பாடு போனது. பல் டாக்டரிடம் போகச் சொன்னால், "இனிமே பல்லு இருந்து என்னத்த கடிக்கப்போறேன்?" என்றார். அக்கா அப்போது அதை அலுப்பு என்று நினைத்தார்.

பிறகு தம்பி தன் பொருட்களைக் கொடுக்க ஆரம்பித்தார். சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரை மாடியில் இருப்பவருக்குக் கொடுத்தார். ஒரு நாள் சாப்பிடும்போது வீட்டுச் சாவியை அக்காவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "எனக்கு இது வேணாம்க்கா."

இன்னொரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "வெள்ளிக்கிழமை ஷிப்ட் மாறும்போது எல்லாரும் அந்த ஒரு வாசல் வழியாத்தான் வருவாங்க. ஒருத்தர் பாக்கி இல்லாம."

"எதுக்குடா இதை எங்கிட்ட சொல்ற?"

"சும்மா. சொல்லணும்னு தோணுச்சு."

அக்கா கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போனார். தம்பி சொன்னதைச் சொன்னார்.

[இந்த இடத்தில் பத்திரிகையை மூடி வைக்கத் தோன்றும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு மட்டும்: தயவுசெய்து மூடாதீர்கள். அவசரப்பட்டால் பாதிக் கதைதான் தெரியும். எப்போதும் உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள்.]

4

காவல் நிலையத்தின் பின்பக்கம், உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை ஒன்றைக் காலி செய்து, அதில் ஒரு பிரிவு இயங்கியது. பெரிய வன்முறை நடக்கும் முன்பே அறிந்து தடுப்பது அவர்கள் வேலை. பிரிவு என்றால் ஏதோ நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டே பேர். ஒருவர் இன்ஸ்பெக்டர். இன்னொருவர் மனித நடத்தையைப் படித்த பெண் உளவியலாளர். நிலையத்தில் எல்லோரும் அவரை 'டாக்டர்' என்றார்கள். தான் மருந்து எழுதித் தருகிற டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டார். தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவர்களுக்காக ஒரு அட்டை மாத்திரையே வாங்கி மேசையில் வைத்துவிட்டார்.

அக்கா சொல்லி முடித்ததும் முதலில் கேட்டது இது: "என் தம்பியை அடிப்பீங்களா?"

இன்ஸ்பெக்டர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர்தான் சொன்னார். "மாட்டோம். நீங்க வந்தது யாருக்கும் தெரியவும் தெரியாது."

[என் முதல் பிரதியில் இன்ஸ்பெக்டர் நல்லவராக இருந்தார். சாந்தமான கண்கள்கூட வைத்திருந்தேன். பிறகு எனக்கே அந்த ஆள்மீது சந்தேகம் வந்து, விசாரித்துத் தேடி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். "கண்ணை எடுத்துடுங்க" என்றார். "நானே அவரைப் பார்த்துப் பயந்திருக்கேன். கை நீட்டின ஆள்தான். பிறவியிலேயே நல்லவர் எல்லாம் இல்ல. இந்த வேலையைக் கத்துக்கிட்டவர்." ஆகவே சாந்தத்தை எடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டருக்கு இனிமேல் வெறும் கண்கள்தான்.]

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க, உள்ளே சண்டை. கதவு சரியாகச் சாத்தாததால் அவருக்குக் கேட்டது.

"மிரட்டல்னு கேஸ் போட்டு உள்ள வச்சிடலாம் டாக்டர்."

"எத்தனை நாளைக்கு?"

"ஜாமீன் கிடைக்கிற வரைக்கும்."

"வெளிய வரும்போது எப்படி வருவார்?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். "இன்னும் கோபமா."

"அப்போ அவர் கோபத்துக்கு நாம சோறு போட்டு வளர்த்து அனுப்பறோம். அப்படித்தானே?"

"சும்மா விட்டா? நாளைக்கு வாசல்ல பொணம் விழுந்தா உங்க பேச்சை வச்சு நான் பதில் சொல்லட்டுமா?"

"சும்மா விடச் சொல்லலையே. பக்கத்துல போகச் சொல்றேன்."

பிறகு கதவைத் திறந்து டாக்டர் அக்காவிடம் கேட்ட கேள்வி இருக்கிறதே, அதைக் கேட்டபோது இன்ஸ்பெக்டரே தலையில் அடித்துக்கொண்டாராம். "உங்க தம்பிக்கு அடுத்த வாரம் என்ன இருக்கு?"

"என்ன இருக்குன்னா?"

"ஏதாவது. ஒரு கல்யாணம், ஒரு மேட்ச், யாரையாவது பார்க்கப் போறது, புதுப்படம். அடுத்த வாரம்னு சொன்னா அவர் மனசுல வர்ற எதாவது."

அக்கா நன்றாக யோசித்தார். "ஒண்ணும் இல்ல. பல் வலிதான் இருக்கு."

டாக்டர் இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். "போதும்" என்றார்.

இப்படி ஒரு முடிவுக்குப் போகிறவர்கள் திடீரென்று வெடிப்பதில்லை என்று அவர் எனக்குப் பிற்பாடு விளக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக வருகிற நாட்களைக் காலி செய்துகொண்டே போவார்கள். சைக்கிள் போகும், சாவி போகும், பிறகு நாளைக்கு என்பதே போய்விடும். அந்தக் காலி இடத்தில் வேறு எதையாவது வைக்க முடிந்தால், வைத்தது எவ்வளவு அற்பமாக இருந்தாலும் சரி, பிரிவில் இருப்பவர்களுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கும். 

பதிப்பாசிரியர் இந்த இடத்தில், 'பல் வலியா? வாசகர் சிரிப்பாரே' என்று ஓரத்தில் எழுதியிருந்தார். சிரியுங்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஒரு கிடங்கு நிறைய ஆட்களைச் சாகடிக்க ஒரு புகைப்படமும் ஒரு சிரிப்புக் குறியும் போதும் என்றால் நம்புகிறீர்கள், காப்பாற்ற ஒரு பல் போதும் என்றால் மட்டும் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது.

5

இன்ஸ்பெக்டர் சாதாரண உடையில் போனார். ஆனால் காலணியை மாற்ற மறந்துவிட்டார். தம்பி கதவைத் திறந்ததும் முதலில் காலைத்தான் பார்த்தார்.

"போலீஸா?"

"ஆமா."

"கம்பெனி அனுப்புச்சா?"

"இல்ல. கம்பெனி வாசல்ல உங்க போட்டோவை ஒட்டியிருக்காங்க. பார்த்தேன். எனக்குப் பிடிக்கல. அதைப் பத்திப் பேசலாம்னு வந்தேன்."

டாக்டர் அவருக்கு நிறையக் கேள்விகள் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தார். வாசலிலேயே பாதி மறந்துவிட்டது. தம்பி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வாயின் ஒரு பக்கத்தால் பேசினார். பிரேக்கைப் பற்றிப் பேசினார், குழாயில் இரண்டு தடவை ஊதியதைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்க வந்த முதல் ஆள் இன்ஸ்பெக்டர்தான். குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "எந்தப் பல்லு?" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு?"

"எனக்கும் ஒரு தடவை இதே பக்கம்தான். எங்க வீட்ல ஒரு வாரம் யாரும் எங்கிட்ட பேசல. அவ்வளவு மோசமா நடந்துக்கிட்டேன். எழுந்திரிங்க, போலாம்."

"நான் வரல."

"வராட்டி பரவாயில்ல. நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன். எனக்கு டியூட்டி சாயங்காலம் வரைக்கும் இருக்கு."

போனார்கள். பல் டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் பிடித்திருக்கிறது, வேரைச் சுத்தம் செய்ய வேண்டும், ஒரே தடவையில் முடியாது என்றார். திறந்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைத்து, "அடுத்த வியாழக்கிழமை வாங்க" என்றார். தம்பி அன்று இரவு தூங்கினார். அக்கா இதை என்னிடம் சொன்னபோது என் கையில் ஊசி இருந்ததையே மறந்துவிட்டார்.

டாக்டர் தனியாகப் போய்ப் பல் டாக்டரைப் பார்த்தார். காரணத்தைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. ஆனாலும் கேட்டார். "இன்னும் எத்தனை தடவை வரணும்?"

"மூணு தடவை வந்தா முடிஞ்சிடும்."

"கொஞ்சம் கூட்ட முடியுமா?"

"மேடம், பல்லு உங்க வசதிக்கு அழுகாது." ஆனால் அந்த மனிதர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவசரப்பட்டுப் பண்ற வேலை இல்லதான். பொறுமையா, ஒவ்வொரு தடவையும் பார்த்து அடைக்கிறேன்" என்றார்.

இப்படி வியாழன் வியாழனாகத் தம்பிக்கு ஓர் அடுத்த வாரம் கிடைத்தது. இடையில் செவ்வாய்க்கிழமைகளில் இன்ஸ்பெக்டர் போன் செய்வார். "பல்லு எப்படி இருக்கு?" அவ்வளவுதான் கேட்பார். தம்பி எரிந்து விழுவார். "பல்லு பல்லாத்தான் இருக்கு." ஆனால் போனை எடுப்பார்.

புகைப்படத்தை எடுக்கச் சொல்லி இன்ஸ்பெக்டரும் டாக்டரும் கம்பெனிக்குப் போனார்கள். "எங்க ஊழியர்களோட பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம்" என்றார் பாதுகாப்பு அதிகாரி. அந்தப் பாதுகாப்பைக் கெடுத்துக்கொண்டிருப்பதே அந்தப் படம்தான் என்று டாக்டர் மூன்று விதமாகச் சொன்னார். அதிகாரி மூன்று விதமாகத் தலையாட்டினார். கடைசியில் வெளியே வரும்போது இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே படத்தைக் கிழித்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான்கு மூலையிலும் பசை மட்டும் கண்ணாடியில் நின்றது.

தம்பி சொன்ன அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நடந்ததை எழுதுகிறேன், பதிப்பாசிரியர் கவனிக்கவும்.

சங்கு ஊதியது. ஆட்கள் வாசல் வழியாக வெளியே வந்தார்கள். ஒருவர் குடையை உள்ளே மறந்துவிட்டு வைதுகொண்டே திரும்பிப் போனார். காலில் கட்டுப் போட்ட ஒருவர் மெதுவாக வந்தார், அவருக்காக இரண்டு பேர் நின்றார்கள். ஒரு பெண் போனில், "வர்ற வழியில வாங்கிட்டு வர்றேன், சும்மா சும்மா கூப்பிடாத" என்று யாரையோ திட்டினார். மேற்பார்வையாளர் கடைசியாக வந்தார், கொட்டாவி விட்டார், போனார். வாசல் காலியானது. தம்பி அப்போது வீட்டில், வாயின் இடது பக்கத்தால் சாதம் மென்றுகொண்டிருந்தார்.

அவ்வளவு பேரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. இதைவிடப் பெரிய சம்பவம் ஒன்றை நான் இதுவரை எழுதியதில்லை. இதைத்தான் 'ஒண்ணுமே நடக்கலையே' என்கிறார்கள்.

6

அதே வாக்கியத்தை இன்னொருவரும் சொன்னார். பிரிவின் மேலதிகாரி. 

பிரிவு என்ன சாதித்தது என்று மேலே கேட்கிறார்கள், எனவே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு 'பெரும் தாக்குதல் முறியடிப்பு' என்று அறிவிக்க வேண்டும் என்றார். தம்பியின் முகத்தைத் துணியால் மூடிக் கொண்டுவந்து நிறுத்தினாலே போதுமாம்.

"என்னன்னு சொல்லி நிறுத்துவீங்க சார்?" என்று டாக்டர் கேட்டார். "பல்லு அடைச்சிட்டு இருக்கார்னா?"

"திட்டம் போட்டான்ல?"

"விட்டுட்டார்ல. அதுக்குத்தானே நாங்க இருக்கோம். இப்ப கொண்டுவந்து நிறுத்தினா, திரும்ப ஒட்டின மாதிரிதான், அந்தப் போட்டோவை. இந்தத் தடவை ஊர் முழுக்க."

இன்ஸ்பெக்டரும் முடியாது என்றார். மேலதிகாரி அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். "நடக்காததுக்கு நான் என்னய்யா ஆதாரம் காட்டறது? ஒண்ணுமே நடக்கலையே!"

பிரிவு மூடப்பட்டது. டாக்டரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இன்ஸ்பெக்டரைப் போக்குவரத்துக்கு மாற்றினார்கள். உடைந்த நாற்காலிகள் தங்கள் அறைக்குத் திரும்பி வந்தன. பிரிவு கவனித்துவந்த ஆட்கள் எல்லோரும் 'உரிய அலுவலரிடம்' ஒப்படைக்கப்பட்டதாக உத்தரவு சொன்னது. உரிய அலுவலர் என்ற பதவி காலியாக இருந்தது. இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது, விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை. அடுத்த செவ்வாயும் வரவில்லை. தம்பி அக்காவிடம், "அந்த போலீஸ்காரர் ஏன் இப்ப பேசறதில்ல?" என்றார். தம்பியே பதிலும் சொல்லிக்கொண்டார். "டியூட்டி முடிஞ்சிருக்கும்."

நான் நான்கு சாலைச் சந்திப்புக்குப் போய் இன்ஸ்பெக்டரைப் பிடித்தேன். வெயிலில், வாயில் விசிலோடு நின்றார். ஏன் போன் செய்யவில்லை, தனிப்பட்ட முறையில் செய்யலாமே, யார் தடுத்தது என்று கத்தினேன். லாரிச் சத்தத்தில் கத்தத்தான் வேண்டியிருந்தது.

"போனை எடுத்தேங்க. நம்பரைக்கூடப் போட்டேன். எடுத்து என்னன்னு சொல்றது? பிரிவு மூடிட்டாங்கன்னு சொன்னா, இத்தனை நாளும் பிரிவுக்காகத்தான் பேசினேன்னு ஆயிடும். சொல்லலைன்னா பொய்யாயிடும். டாக்டரைக் கேட்கலாம்னா அவங்க எங்க இருக்காங்கன்னே தெரியல. அப்படியே ஒரு வாரம் ஓடிருச்சு. அப்புறம், இவ்வளவு நாள் கழிச்சு எப்படிப் பேசறதுன்னு..."

கை நீட்டிப் பழகிய மனிதருக்குப் பொறுமையாகக் கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதனாலேயே, சரியான வார்த்தை கிடைக்காமல் பேசப் பயந்துபோனார். பழைய முரட்டு ஆளாக இருந்திருந்தால் "என்னப்பா பல்லு?" என்று என்றோ கேட்டிருப்பார். அவர்மீது எனக்கு வந்த கோபம் பாதியிலேயே திசை மாறி, அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்மீது போய் நின்றது. இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.

7

முடிவுகள். மூன்று எழுதினேன்.

(அ) இன்ஸ்பெக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அங்கேயே போனைப் போடுகிறார். தம்பி எடுக்கிறார். லாரிச் சத்தத்தில் இருவருக்கும் எதுவும் கேட்கவில்லை, ஆனாலும் இருவரும்— 

அழகாக இருக்கிறது. நடந்தால் முதலில் சந்தோஷப்படுவது நான்தான். நடக்கவில்லை.

(ஆ) ஒரு வெள்ளிக்கிழமை, சங்கு ஊதும்போது, கண்ணாடியில் நான்கு மூலைப் பசை இன்னும்—

இந்த முடிவைப் பதிப்பாசிரியர் கேட்காமலே கொடுத்துவிடலாம், உடனே அச்சாகும். எழுதமாட்டேன். இதை எழுத என்னைவிட மேலதிகாரிக்குத்தான் தகுதி அதிகம். பாதிக்கு மேல் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

(இ) அக்கா தம்பியிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறார்—

இந்த மூன்றாவதுதான் என் வீட்டுக்கு நடந்து வந்தது. அக்கா என் எதிரே உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எழுதுங்க. ஊர், வேலை, எல்லாத்தையும் மாத்திடுங்க. பல்லை மட்டும் மாத்தாதீங்க. பல்லு இருந்தாத்தான் அவனுக்குத் தன்னைப் பத்தின்னு புரியும்."

"புரிஞ்சா, போலீஸ்ல சொன்னது நீங்கன்னும் புரிஞ்சிடுமே?"

"புரியட்டும். நான் சொன்னேன்கறதும் தெரியணும், ஏன் சொன்னேன்கறதும் தெரியணும். ரெண்டும் சேர்ந்து தெரியணும். நானே வாயால சொன்னா முதல் பாதியிலயே எழுந்து போயிடுவான். கதைன்னா முடிவு வரைக்கும் படிப்பான். சின்ன வயசுலேர்ந்து அப்படித்தான், எதையும் பாதியில வைக்க மாட்டான்."

"இப்ப எப்படி இருக்கார்?"

"ஒரே ஒரு தடவை பாக்கி. மேல தொப்பி மாதிரி ஒண்ணு போடணுமாம். இப்ப இருக்கறது தற்காலிக அடைப்புதான், ரொம்ப நாள் தாங்காதுன்னு பல் டாக்டர் சொல்லியிருக்கார். வியாழக்கிழமை போடான்னா, 'பார்க்கலாம்'ங்கறான்." தண்ணீரைக் கீழே வைத்தார். "முந்தாநாள் மாடியில இருக்கறவர் ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்க வந்தார். 'நீங்களே வச்சுக்கோங்க'ன்னுட்டான்."

டாக்டர் அந்த வேலையில் இருந்தால் இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருப்பார். இன்ஸ்பெக்டர் இருந்தால் செய்திருப்பார். இருந்தது நான். எனக்கு எழுதத்தான் தெரியும். இதைவிடக் கேவலமான ஏற்பாடு ஒன்றை எந்த அரசும் செய்திருக்க முடியாது.

8

முடிவை நான் எழுதப்போவதில்லை. அது உங்களிடம் இருக்கிறது. அழகுக்காகச் சொல்கிற வார்த்தை இல்லை, நிஜமாகவே உங்களிடம்தான் இருக்கிறது.

இந்தப் பத்திரிகை அந்தப் பல் டாக்டரின் வரவேற்பறைக்குப் போகிறது. மேசைமேல் பழைய இதழ்களோடு கிடக்கும். அக்கா அங்கே இதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதச் சொல்லி என் வீட்டுக்கு வந்தார். எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லமாட்டேன். ஆகவே ஏதாவது ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில், ஏதாவது ஒரு வியாழக்கிழமை, இதைப் படித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரும், அது இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து நாற்காலியில் வலது கன்னத்தில் கை வைத்தபடி ஒருவர் இருக்கலாம். அவர் வந்துவிட்டார் என்றாலே பாதி வேலை முடிந்தது. பயப்படாதீர்கள், தள்ளி உட்காராதீர்கள். அவர் உங்களை எதுவும் செய்யவில்லை, யாரையும் எதுவும் செய்யவில்லை. இந்த இதழை அவர் கேட்டால் உடனே கொடுத்துவிடாதீர்கள். இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லுங்கள். முதலில் அவர் உள்ளே போகட்டும். தொப்பியைப் போட்டுக்கொண்டு வரட்டும்.

வெளியே வந்ததும் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். உங்கள் முறை வந்தாலும் அடுத்தவரை அனுப்புங்கள். மூன்றாம் பகுதியில் அவர் கை நிற்கும். எழுந்துபோகப் பார்ப்பார். அப்போது ஏதாவது பேசுங்கள், சரியான வார்த்தைக்காகக் காத்திருக்காதீர்கள், அப்படிக் காத்திருந்த ஒருவர்தான் சந்திப்பில் விசில் ஊதிக்கொண்டிருக்கிறார். பல் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், போதும். எரிந்து விழுவார். விழட்டும்.

அவர் பக்கத்தில் உட்காருவதற்கென்று வைத்திருந்த இரண்டு பேரையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த நாற்காலியில் நீங்கள் இருக்கிறீர்கள். அவர் முழுவதும் படித்து முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள்.

முடித்ததும் கேளுங்கள்: "அடுத்த வாரம் உங்களுக்கு என்ன இருக்கு?"